எந்தச் சட்டியில் மணம்

1988 மார்ச் 17, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து சவர்க்காரம் போடாமல் குளித்தேன். தலைக்கு எண்ணெய் இல்லை, முகத்துக்குப் பவுடர் இல்லை, நெற்றியில் திருநீறும் இல்லை. வெறும் பாண் தின்று, பலாபத்வலைக்கு ஏழு மணி பஸ் பிடித்தேன். அங்கிருந்த எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அன்று வாசனைச் சோறு முகரும் நாள். அங்கே நிற்பவர்கள் மேல் வேறு மணம் இருக்கக் கூடாது என்பது விதி.

நேற்று மகள் வாங்கி வந்த பாஸ்மதிப் பையை அவிழ்த்ததும் இதெல்லாம் நினைவுக்கு வந்தது. பைக்குள் மூக்கை நுழைத்து நின்ற என்னைப் பார்த்து அவள் சிரித்தாள். சம்பளத்துக்குச் சோறு முகர்ந்தவள் நான். பழக்கம் எங்கே போகும்?

பழைய வாசனை நெல் உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும், விளைச்சலும் குறைவு. அதைக் குட்டையான இனத்தோடு கலந்து, பிறந்ததில் பொறுக்கி, அதன் வழிவந்ததில் மறுபடி பொறுக்கி, கடைசியில் சாயாத ஒரு புது நெல் மிஞ்சியது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதைத் தன் வயலில் விளைவித்தவர் காசிம் நானா. வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் குற்றும்போது அரிசி ஒடியும், மணமும் குறையும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அதனால் அவர் நெல்லைப் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துவார். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னா நானா, வெயில் பட்டா நெல்லு கறுத்திருமா?" என்று கேட்டார்கள்.

கண்டியிலிருந்து வரும் குழு மணம் உண்டு என்று ஒப்பினால்தான் அடுத்த போகத்துக்கும் அது விதைக்கப்படும். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடும் எங்கள் பாடும் அத்தோடு சரி.

சட்டிகள் மூன்று. ஒன்றில் காசிம் நானாவின் அரிசி, மற்ற இரண்டில் மணமில்லாத சாதாரண அரிசி. குழுத் தலைவர் சிவலிங்கம் சேர் மூன்றையும் முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"மூண்டும் ஒரே மாதிரி மணக்குது, பிள்ளை. இதிலை என்ன விசேஷம்?"

நானும் முகர்ந்தேன். உண்மைதான். கவலைக்கு முன்னால் வந்தது ஆச்சரியம். தண்ணீரா, விறகா, சட்டியா? சமைக்காத சாதாரண அரிசியை எடுத்து மென்றேன். ஒரு மணமும் இல்லை. அப்படியானால் அடுப்பில்தான் ஏதோ நடந்திருக்கிறது. சமைத்த செல்லம்மாக்காவைக் கேட்டேன்.

"வாசம் இல்லாத சட்டியப் பாக்கப் பாவமா இருந்திச்சு மிஸ். பெரியவங்க வந்திருக்காங்க, வெறுஞ் சோத்தையா வைக்கிறது? ரம்பை போட்டேன். எறக்கிறப்ப எடுத்துட்டேன்."

ரம்பை இலையிலும் வாசனை அரிசியிலும் இருப்பது ஒரே மணப்பொருள் என்று பிறகு படித்தேன். செல்லம்மாக்கா அதைப் படிக்கவில்லை. எல்லா வீட்டுச் சோற்றிலும் போடுவதைத்தான் போட்டார்.

"நல்லவேளை தங்கச்சி, ஏலக்காய் போடல்ல," என்றார் காசிம் நானா. "போட்டிருந்தா புரியாணின்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம், சொன்னவரைத் தவிர. மூன்றையும் புதிதாகச் சமைத்துச் சூட்டோடு முகர வேண்டும்; அவர் கொண்டுவந்த அரிசியோ தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்தது விதைநெல் மட்டும். குழுவோ புறப்படத் தயாராக நின்றது. அப்போது ஜீப் சாரதி வந்து, கிளர்ச்சிக்காரர்கள் வீதியில் மரம் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், இன்று போக முடியாது என்றார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு செய்தி கேட்டு நிம்மதியடைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"நாளைக்குக் காலையிலயும் மூக்கு வேலை செய்யுமா சேர்?" என்று கேட்டார் காசிம் நானா.

"செய்யும். அரிசிக்கு எங்கை போறது?"

"விதையில கொஞ்சம் குத்துறேன். மணம் இல்லேன்னு எழுதிட்டீங்கன்னா, விதைய வச்சிக்கிட்டு நான் என்னா செய்யிற?"

அந்த நெல் சில காலம் வயல்களில் நின்றது. இப்போது விதைப்பார் இல்லை. நிழலில் உலர்த்தும் பொறுமையும் யாருக்கும் இல்லை. மணத்தைக் கருவி அளக்கிறது, மூக்கை யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து உலையேற்றினோம். சமையலறை வாசலில் காசிம் நானா காவல் நின்றார். சிவலிங்கம் சேர் முதல் சட்டியை முகர்ந்து நகர்ந்தார். இரண்டாவதில் சற்று நின்றார். மூன்றாவதை முகர்ந்துவிட்டு இரண்டாவதற்கே திரும்பி வந்தார். முகர்வதற்கென்று வைத்த காசிம் நானாவின் சோற்றைக் கோப்பையில் நிறையப் போட்டுக்கொண்டு கதிரையில் அமர்ந்தார்.

"செல்லம்மா," என்றார், "பருப்புக்கறி ஏதும் கிடக்கோ?"