ஒன்பது கூரைக்காகப் பரசுராமன் ஓடியது

“இந்தப் பரசுராமன் கை எவன் எதிர்லயும் நீண்டதில்ல. இனிமேட்டும் நீளாது. கைன்னா குடுக்கறதுக்குத்தான்யா.”

1969-ஆம் ஆண்டு ஒரகடம் டீக்கடையில், பதினோரு பேர் முன்னிலையில் பரசுராமன் இவ்வாறு பிரகடனம் செய்தார். அப்போது அந்தக் கையில் யாரோ வாங்கிக் கொடுத்த டீ இருந்தது என்பார்கள். சரித்திரம் எழுதுகிறவன் அவ்வளவு அற்ப விஷயங்களில் இறங்கக் கூடாது.

பரசுராமன் வடக்குப்பட்டுப் பால்காரர். விடியற்காலையில் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரகடத்தில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பதினேழு வருஷத்தில் இரண்டே முறைதான் பஸ்ஸைத் தவறவிட்டார். இரண்டு முறையும் பஸ்தான் வரவில்லை. ஓடுவதில் அவ்வளவு சமர்த்தர், வாய்திறந்து ஒன்றைக் கேட்பதில் அவ்வளவு மோசம். ரேஷன் கடையில்கூடப் பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். கடைக்காரர் தாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். அவர் புரிந்துகொள்ளாத வாரங்களில் வீட்டில் சர்க்கரை இல்லாத காபி.

அந்தப் புரட்டாசியில் வடக்குப்பட்டின் கிழக்கோரத்தில் ஒன்பது குடிசைகள் எரிந்துபோயின. ஒன்பது குடும்பமும் மாதா கோயில் தாழ்வாரத்தில் ஒதுங்கின. அவற்றில் சூசையம்மாளின் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு நாள். ஐப்பசி மழைக்குள் கூரை ஏறியாக வேண்டும். வீடுவீடாகப் போய்த் தென்னங்கீற்று கேட்டு வாங்கும் பொறுப்பை ஊர் கூடிப் பரசுராமனிடம் ஒப்படைத்தது. பால்காரருக்குத் தெரியாத வாசல் எது?

“நான் போய்க் கேக்கறதா? நல்லா கீதே கத! ஓடச் சொல்லு, நாள் பூரா ஓடறேன்.”

ரைஸ்மில் நடேசன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தர்மம் செய்ய அவருக்கு ஆசைதான். வேடிக்கை இல்லாத தர்மத்தில் மட்டும் நம்பிக்கை கிடையாது.

“மெய்யாலுமா பரசுராமா? என் மில்லு வாசல்லருந்து காட்டு வழியா செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வா. முப்பது மைலு. பொழுது சாயறதுக்குள்ள வரணும், நடுவுல கால் நிக்கக் கூடாது. வந்துட்டியானா ஒம்போது வூட்டுக்கும் கீத்து, மூங்கிலு, கவுறு எல்லாம் என்னுது.”

“நின்னுட்டா மொதலாளி?”

“ஒண்ணும் கெடையாது. அப்பால என்னாண்ட வந்து மூஞ்சியக் காட்டாத.”

நடுவர் பதவி டிரில் வாத்தியார் பாண்டுரங்கனுக்கு. ஓட்டம் தொடங்கியதும் கழுத்தில் விசிலோடு சைக்கிளில் பின்தொடர்ந்தார். காடு என்று நடேசன் சொன்னது ஒரு மரியாதைக்கு. அங்கே இருந்ததெல்லாம் காரைமுள்தான். மூன்றாவது மைலில் நடுவரின் இரண்டு டயரும் காற்றை விட்டன. நடுவர் இல்லாமல் ஓட்டம் செல்லாது என்பதால் பரசுராமன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வேகத்தைக் குறைக்கும்படி நடுவர் பின்னாலிருந்து விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

ஏரிக்கரை வரையில் சிக்கலில்லை. திரும்புவதற்குள் செய்தி பரவிவிட்டது. நல்ல காரியம் செய்பவரைச் சும்மா போகவிடும் கெட்ட பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. சேரப்பணஞ்சேரியில் சாலைக்குக் குறுக்கே பெஞ்சு போட்டு வரவேற்புக் குழு காத்திருந்தது.

“கால் நிக்கக் கூடாதுய்யா, வழி வுடுங்க!”

“நீ பாட்டுக்கு ஓடிக்கினே இரு பரசுராமா. நாங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கோம்.”

பரசுராமன் நின்ற இடத்திலேயே ஓடினார். அங்குள்ள பெரிய மனிதர் தணிகாசலம் அரைமணி நேரம் பேசினார்; அதில் இருபது நிமிஷம் தம்மைப் பற்றி. தலை மேலும் கீழும் போய்வந்ததால் மாலை நான்காவது முறைதான் கழுத்தில் விழுந்தது. சோடா பெரும்பகுதி மூக்குக்குள் போயிற்று. பாண்டுரங்கன் குனிந்து பாதங்களைப் பரிசோதித்து, “செல்லும்” என்று தீர்ப்புச் சொன்னார்.

வடக்குப்பட்டை நெருங்கியபோது சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. பாக்கி ஒரு மைல். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஆனாலும் மில் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

சாலையோரத்தில் ஒன்பது குடும்பமும் நின்றது. சூசையம்மாள் பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

“எங்களுக்கோசரமா அண்ணாத்தே இந்தப் பாடு படற?” என்று அப்படியே விழுந்து இரண்டு பாதங்களையும் கட்டிக்கொண்டாள்.

“வுடும்மா! கால வுடு!”

“வுட மாட்டேன். நீ மனுசனே இல்ல, எங்க சாமி!”

“ஐயோ, கால் நிக்குதும்மா!”

அவர் அலற அலற அவள் பிடி இறுகியது. காலை உதறினால் அவள் முகத்தில் படும். மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் வந்து விழுந்தார்கள். பரசுராமன் பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன் பனைமரத்தைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து மெதுவாகத்தான் ஊதினார். விசிலுக்கு அது தெரியவில்லை.

“இன்னாத்துக்கு ஊதறாரு?” என்று தரையிலிருந்தபடியே சூசையம்மாள் கேட்டாள்.

நடேசன் சொன்ன சொல் தவறாதவர். மில் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் பாதிவரை சாரல். பிள்ளையைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சூசையம்மாள் சுவரோடு ஒட்டிப்போயிருந்தாள். பாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த பரசுராமன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துத் தெருமுனையிலிருந்த முதல் வீட்டுக்கு நடந்தார்.

சந்திரம்மாள் கதவைத் திறந்தாள். “இன்னாண்ணே, விடிகாலைலதானே பால் ஊத்திட்டுப் போன?”

அவர் வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

“ரெண்டு கீத்து இருந்தா குடும்மா” என்று கையை நீட்டினார்.