புங்க மரத்துக்காக ஓர் உரை

இன்று காலை எங்கள் இராஜா அண்ணாமலைபுரம் அடுக்ககத்தில் குடியிருப்போர் கூட்டம். முற்றத்துப் புங்க மரத்தின் வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட்டது. மரத்தை வெட்டலாமா என்பதே கேள்வி.

நான் இரண்டாம் மாடியில் தனியே வாழ்பவன். என் சாளரத்தை நிறைத்து நிற்பது அந்த மரந்தான். வீட்டில் என்னையன்றி அசைவது அதன் நிழல் மட்டுமே.

எழுந்தேன். வழக்கமாக விழா மேடைகளில் முழங்குவது போலவே முழங்கினேன்.

"வேர் குழாயை உடைக்கவில்லை! இணைப்பில் ஏற்கெனவே விரிசல். அங்கே கசிந்த ஈரத்தை உணர்ந்து அத்திசையில் வளர்ந்தது. சுற்றிலும் சிமென்ட் பூசி மண்ணை மூடியவர்கள் நாம். நீரைத் தேடி வந்தது குற்றமா? கசிவை அடைத்துவிடுங்கள், வேருக்கு அங்கே வேலையே இராது!"

பலத்த கைதட்டல். முதல் மாடி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சூப்பர் சார்! புல்லரிச்சுப் போச்சு" என்றார் செயலாளர். "சரி, மரத்த எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

தட்டிய கைகள் அனைத்தும் உயர்ந்தன. கண்ணைத் துடைத்த கையும்.

மாநகராட்சியின் ஒப்புதல் வந்ததும் வெட்டுவார்களாம்.

நான் படியேறும்போது அந்த அம்மையார் பின்னாலேயே வந்தார். "சார், பொங்கல் ஃபங்ஷனுக்கும் நீங்கதான் பேசணும். டாபிக் மட்டும் சொல்லிடுங்கோ, நோட்டீஸ்ல போடணும்."

தலையசைத்துவிட்டு வந்து சாளரத்தருகே நெடுநேரம் நின்றேன்.

நண்பர்களே, என்ன தலைப்புக் கொடுக்கட்டும்?