பிக்கப் வண்டிக்கு இரண்டு வேளைக் கறவை

காலை ஆறரைக்கு மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினோம், நானும் என் மகன் செங்கோடனும். தம்மம்பட்டியில் ஒரு டீசல் பிக்கப் வண்டி விலைக்கு வந்திருந்தது. ராசிபுரத்துக்கு ஒன்றரை ரூபாய் டிக்கெட். அங்கே பஸ் மாறினால் தம்மம்பட்டிக்கு மூன்றேகால். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் வலது கைப்பக்கம் கொல்லிமலை கூடவே வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மடியிலிருந்த பையை விட்டு என் கை நகரவில்லை. எருமை நாலையும் விற்று, என் சங்கிலியை அடகு வைத்து, மகன் அடுத்தவர் லாரி ஓட்டிச் சேர்த்ததையும் போட்டு முப்பத்தெட்டாயிரம். வண்டி ஏமாற்றிவிட்டால் வீட்டில் விற்க வேறொன்றுமில்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். விற்பவர் பெயர் துரைசாமி. வண்டியைக் கழுவிப் புளியமர நிழலில் நிறுத்தியிருந்தார்.

"ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒளிக்கல. முப்பத்தெட்டு குடுங்க" என்றார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. செங்கோடன் முகம் மலர்ந்துவிட்டது. நான் எஞ்சின் மூடியின் மேல் மெதுவாகக் கை வைத்தேன். நிழலில் நின்ற வண்டி சுட்டது.

மகனைத் தனியே கூப்பிட்டு, "நாம வர்றதுக்கு முன்னாலயே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காங்க சாமி. தங்கி, எஞ்சின் ஆறினப்புறம் காலைல பாத்துட்டுப் போலாம்" என்றேன்.

எங்கள் பக்கம் கறவை மாடு பிடிக்கப் போனால் சாயங்காலமும் மறுநாள் காலையும் கறந்து பார்த்துத்தான் விலை பேசுவோம். ஒரு வேளைப் பாலை மடியில் தேக்கி வைத்து ஏமாற்றலாம். இரண்டு வேளை முடியாது.

"ஏனுங்கம்மா, இது மாடுங்களா?" என்று சிரித்தாலும் செங்கோடன் போய்ச் சொன்னான்.

"கறந்து பாக்கணுமா? செம்பு கொண்டாரட்டுமா?" என்று துரைசாமி கேலி செய்தார். ஆனாலும் பாய் போட்டுக் கொடுத்தார்.

அவர் மனைவி லட்சுமியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அவருக்குக் கண்ணு மங்குதும்மா. போன மாசம் ஆட்டு மந்தைக்குள்ள வண்டிய விட்டுட்டாரு. இத வித்தாத்தான் ஒரு பொட்டிக்கடை வைக்கலாம்."

மறுநாள் காலை ஐந்தரை. எஞ்சின் ஆறிக் கிடந்தது. மூன்று தரம் திருப்பியும் பிடிக்கவில்லை. நாலாவதில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. துரைசாமி தலை குனிந்துகொண்டார். "குளுந்தா இப்படித்தான் அடம் பிடிக்கும். சொன்னா யாரு வாங்குவா?"

செங்கோடன் அடியில் படுத்துப் பார்த்து வந்தான். "சேசிஸ் நல்லாருக்குங்கம்மா. எஞ்சினப் பிரிச்சு வேலை பாக்க அஞ்சாயிரம் ஆகும்." ஆனால் துரைசாமியிடம் எகிறினான்: "இருபத்தெட்டுக்கு மேல ஒரு ரூபா இல்லீங்க!"

"அதுக்குப் பழைய இரும்புக்கே போட்டுருவேன், போப்பா!"

ஆம்பளைகள் நடுவில் விலை பேசிப் பழக்கமில்லை எனக்கு. சமையல் கட்டுக்குள் போய், லட்சுமியின் கையை என் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்து விலை சொல்வார்களே, அது மாதிரி. முதலில் மூன்று விரல் பிடித்தேன், அடுத்து இன்னொரு மூன்று. முப்பத்து மூன்று. கேட்ட விலையில் எஞ்சின் வேலைக்கானதை மட்டும் கழித்தேன். அவர்கள் கண் கஷ்டத்தில் நாங்கள் லாபம் பார்க்க வேண்டாம்.

லட்சுமி சிரித்துவிட்டாள். என் விரல்களைத் திருப்பிப் பிடித்தாள். மூன்று, மூன்று.

"ஏங்க, முப்பத்து மூணு. பேசி முடிச்சாச்சு!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"யாரு முடிச்சது?"

"நாங்கதான்."

கிளம்பும்போது துரைசாமி சாவியைச் செங்கோடன் கையில் வைத்தார். சாவியில் கோத்திருந்த கறுப்புக் கயிற்றை மட்டும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். மாட்டை விற்கிறவர்கள், வீட்டு ராசியும் கூடப் போய்விடும் என்று கயிற்றைக் கொடுத்தனுப்புவதில்லை.