கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்

வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நான் தொடங்கியபோது, கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. கடிதம் அடிப்பது, அதை அச்செடுப்பது. இரண்டாவதில் காகிதம் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும்.

நெய்வேலியில் சுரங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் என் வேலை நடைமுறைகளை எழுதுவது. இயந்திரத்தை யார் நிறுத்தலாம், நிறுத்தும் முன் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னதை எந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும், அந்தப் புத்தகம் தீர்ந்துபோனால் புதுப் புத்தகத்துக்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும். எந்த இயந்திரத்திலும் ஒருமுறைகூட நான் ஏறியதில்லை. அதனால்தான் அவ்வளவு தெளிவாக எழுத முடிந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஆறு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தின் மாதிரியை எழுதியவனே நான்தான். எந்தக் காலத்திலோ நான் விட்டுவிட்ட ஒரு காற்புள்ளி இன்னும் விட்டபடியே இருந்தது.

கடிதம் அடிக்கக் கற்றுக்கொள்ள வடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்வந்தேன். வகுப்பு இல்லாத நேரத்தில் அங்கே ஒரு கார் விளையாட்டு ஓடும். கார் சுவரில் மோதி நொறுங்கும், அடுத்த கணமே புதுக் காராகக் கிளம்பிவிடும். ஏன் மோதியது என்று யாரும் கேட்பதில்லை. விசாரணை கிடையாது, அறிக்கை கிடையாது. எனக்கு அது தாங்கவில்லை. ஒரு காரியம் நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிற விளையாட்டு ஒன்று வேண்டும், அதை நானே செய்வேன் என்று வீட்டில் அறிவித்தேன். சுரங்கம்தான் களம். ஆடுபவர் மண்ணை அகற்றி நிலக்கரி எடுக்க வேண்டும்.

அதே வாரம் குள்ளஞ்சாவடிக்காரரான ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். சுரங்கத்தில் பம்புகளைப் பராமரிக்கும் வேலையை எடுத்துச் செய்பவர்.

“ஒங்க லெட்டர் போனா ஆபீஸ்ல பதில் வருது சார். நம்ம ஆபீஸ்ல வந்து உக்காந்துக்குங்க. லெட்டர் எழுதறது மட்டும்தான் வேல.”

இனியும் கடிதமா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனைவி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

“குவார்ட்டர்ஸ் சாவி குடுக்கற அன்னைக்கு ஒங்க விளையாட்டு ஓடணும். ஓடலன்னா அவரு ஆபீஸுக்குப் போயிடுங்க. வூட்ல உக்காந்துகினு சாம்பார் வைக்க எனக்கு நடைமுறை சொல்ற வேல வேணாம்.”

ஒப்பந்தம் நியாயமானதுதான். ஒப்புக்கொண்டேன்.

முதலில் நிறுவனத்துக்கு ஒரு கோப்பு திறந்தேன். ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். இன்வார்டு, அவுட்வார்டு என்று இரண்டு ரிஜிஸ்டர் வாங்கினேன். கம்ப்யூட்டர் அதற்கப்புறம்தான் வந்தது.

“ஆளே இல்லாத கம்பெனிக்கு யாரு கடுதாசி போடப் போறாங்க?” என்றாள் மனைவி.

இன்வார்டு ரிஜிஸ்டரில் முதல் பதிவு, நிறுவனத்தைத் தொடங்க அனுமதி கோரி நானே எனக்கு எழுதிய கடிதம்.

புரோகிராம் எழுத ஆள் வேண்டுமே. சென்டரில் பாடம் எடுத்த டீச்சரிடம் கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும், சிக்கனமாகப் பேசுபவர்.

“எழுதித் தரேன் சார். ஆனா விளையாட்டு ஒங்க தலைக்குள்ள கீது. எதுக்கு எது நடக்கும்னு எல்லாம் பேப்பர்ல வேணும். நான் ஒரு கேள்விகூட கேக்காத மாதிரி எழுதிகினு வாங்க.”

இப்படி ஒருவர் என்னிடம் கேட்க மாட்டாரா என்று முப்பத்தோரு வருடம் காத்திருந்தவன் நான். நூற்றுப் பன்னிரண்டு விதிகள் எழுதினேன்.

எழுதியதைச் சோதிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்தேன். தீப்பெட்டிதான் மண் வெட்டும் இயந்திரம், கறுப்புச் சட்டைப் பொத்தான்கள் நிலக்கரி. ஆடுபவர் மனைவி. கம்ப்யூட்டர் நான். விதியில் இல்லாத ஒரு சொல்லைக் கம்ப்யூட்டர் பேசக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை.

“வலது பக்கம் தோண்டறேன்.”

“அனுமதிச் சீட்டு இல்லாமல் தோண்ட முடியாது. விதி பதினான்கு.”

“சரி, சீட்டு குடுங்க.”

“விண்ணப்பம்?”

அவள் எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். நாற்பது நிமிடத்தில் ஒரு பொத்தான்கூட நகரவில்லை. “இது விளையாட்டா, ஒங்க ஆபீஸா?” என்ற கேள்வி சமையலறையிலிருந்து வந்தது. விதி பதினான்கை அடித்தேன். தினமும் ஆடினோம், தினமும் ஏதாவது ஒன்றை அடித்தேன். சொந்த வாசகத்தை அடிப்பது பல் பிடுங்குவது மாதிரி. நான்காவது மாதம் அவளே மேசையைத் துடைத்துவிட்டு, “வாங்க, ஒரு ஆட்டம்” என்றாள். தாள்களை டீச்சரிடம் சேர்த்தேன்.

படித்துப் பார்க்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மேசைமுன் ஆடுபவர் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“சொல்லுங்க டீச்சர், என்ன செய்யறீங்க?”

“ஒண்ணும் செய்யல சார். இப்ப என்னா ஆவும்?”

தாள்களைப் புரட்டினேன். எல்லா விதியும் ‘ஆடுபவர்’ என்று தொடங்கி அவர் செய்யும் ஒரு காரியத்தில் போய் நின்றது.

“நீங்க ஏதாவது செஞ்சாத்தானே...”

“கம்ப்யூட்டர் அப்படிக் காத்துக்கினு இருக்காது சார். ஒரு நொடிக்குப் பல தடவ, இப்ப என்னா, இப்ப என்னான்னு கேட்டுக்கினே இருக்கும். அதுக்கு நீங்க பதிலே எழுதல.”

என் அலுவலகத்தில், யாரும் எதுவும் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது. கோப்பு மேசைமேல் இருக்கும், நிலக்கரி பூமிக்குள் இருக்கும். எங்களைக் காப்பாற்றி வந்ததே அதுதான்.

கதவோரம் நின்றிருந்த மனைவி கேட்டாள். “மைன்ஸ்ல பம்பை நிறுத்திட்டா தண்ணி சும்மா இருக்குமா?”

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வேலை செய்யலாம். தீபாவளி அன்றும் பம்பு ஓடும், பந்த் அன்றும் ஓடும். மூன்று ஷிஃப்டுக்கும் பம்புக்காரர்களின் பட்டியலை வருடக்கணக்காகத் தட்டச்சு செய்தவன் நான். பட்டியலாகத்தான் அது எனக்குத் தெரிந்திருந்தது.

சாவி கொடுக்க இன்னும் மூன்று வாரம். டீச்சர் எழுந்தார்.

“எல்லாத்தையும் மாத்தணும் சார். அதுக்குள்ள முடியறது கொஞ்சம்தான்.”

பழைய தாள்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு விதி எழுதினேன். யாரும் எதுவும் செய்யாவிட்டால், தண்ணீர் ஏறும். அதன் கீழே மற்ற விதிகளெல்லாம் தாமாக வந்து உட்கார்ந்தன. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பத்து நொடிக்கு ஒரு கட்டமாக ஒரு நீலக் கம்பளி நூலை மேலே நகர்த்தினேன். பம்பு போட்டால் கீழே. எவ்வளவு வேகத்தில் ஏறினால் ஆட்டம் சரியாக இருக்கும் என்று தெரிய, மனைவியும் நானும் நாளுக்குப் பத்து முறை முழுகினோம்.

“கொஞ்சம் நிறுத்துங்க, பால் பொங்குது.”

“விதியில் பால் இல்லை.”

பால் பொங்கி வழிந்தது. நூலை நான் நிறுத்தவில்லை. அதன்பின் இரண்டு நாள் எனக்குக் காபி கிடைக்கவில்லை. வேகத்தை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம்.

சாவி கொடுக்கும் நாளில் சாமான்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டன. கம்ப்யூட்டர் மட்டும் வெறும் தரையில் இருந்தது. பராமரிப்புப் பிரிவு ஊழியர் குழாய்களையும் மின்விசிறிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு ஒப்பந்தத்தைக் கேள்விப்பட்ட கான்ட்ராக்டர் என்னை அழைத்துப்போகவே வண்டியோடு வந்திருந்தார். டீச்சர் இரண்டு ஃபிளாப்பியோடு வந்து, அதிலிருந்ததை ஏற்றி ஓடவிட்டார்.

திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு குழி. அதன் நடுவே தீப்பெட்டி மாதிரியே ஓர் இயந்திரம். கான்ட்ராக்டர் குனிந்து பார்த்தார்.

“மிஷின் ஓடலியே சார்.”

“இன்னும் ஓடாது,” என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். “நான் ஒண்ணும் பண்ணல,” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

குழியின் அடியில் ஒரு நீலக் கோடு தோன்றி மெல்ல ஏறியது. யாரும் தொடவில்லை. குழாய் எண்ணுகிறவர் பட்டியலைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றார். கோடு இயந்திரத்தின் அடியைத் தொட்டது.

“அம்மா, பம்பு,” என்றார் கான்ட்ராக்டர். “பம்பைப் போடும்மா, முழுவுது.”

மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கோடு நின்றது. பின்பு இறங்கியது.

“ஓடுது,” என்றாள்.

கான்ட்ராக்டர் வேட்டியை மடித்துக்கொண்டு, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்று உட்கார்ந்தார். மூன்று முறை முழுகினார். நான்காவதற்குக் குழாய் எண்ணுகிறவர் இடம் கேட்டார்.

நாங்கள் குடிபோன வடலூர் வீட்டில் அன்று மாலையே கரண்ட் போனது. டவுன்ஷிப்பில் எங்களுக்கு அறிமுகமே இல்லாத விஷயம் அது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு கான்ட்ராக்டருக்குக் கையாலேயே எழுதினேன். பார்வை: தாங்கள் நேரில் தெரிவித்த வேலை. பொருள்: ஏற்க இயலாமை. இரண்டே வரி. அவுட்வார்டு ரிஜிஸ்டரில் அதுதான் முதல் பதிவு.

இயந்திரத்தை நகரவைக்க மேலும் எட்டு மாதம் ஆயிற்று.