சர்ச் கீபோர்டு சொன்ன பொய்

போன சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பும் ஸ்பீக்கருமாக எங்கள் இரும்புலியூர் சர்ச்சுக்குள் நுழைந்தேன். ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்!

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்கிற ஆசாமி நான். தண்ணி லாரி வந்தால் டேங்கர் மேல் ஏறி எட்டிப் பார்ப்பேன்.

விஷயம் இதுதான். அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் சோலோ எனக்கு. மூன்றாவது அடியில் குரல் உச்சிக்குப் போகிற கீர்த்தனை. சர்ச்சில் பிராக்டிஸ் பண்ணும்போது அந்த உச்சியில் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டுவேன். அதே பாட்டை வீட்டில், செல்போன் கீபோர்டு ஆப்பை வைத்துக்கொண்டு பாடினால்...

"என்னங்க, எந்தக் கதவோ கிறீச்சுங்குது. கொஞ்சம் எண்ணெய் விடுங்களேன்" என்று கிச்சனிலிருந்து குரல் கொடுத்தாள் என் மனைவி கிரேஸ். கதவுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

ஒரே தொண்டை. ஒரே பாட்டு. இரண்டு இடத்திலும் அதே கட்டையைத் தொட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அப்படியென்றால் எதுவோ பொய் சொல்கிறது. நானாக இருக்க வாய்ப்பில்லை. ஆப்தான்! இலவசமாகக் கிடைக்கிற எதைத்தான் நம்புவது?

ஆகவே, உண்மையை நானே தயாரிப்பது என்று முடிவு செய்தேன். 'ஏ' என்கிற ஸ்வரம் விநாடிக்கு 440 தடவை அதிர வேண்டும் என்பது இசைக்கருவிகளுக்குள் ஒரு ஒப்பந்தம். பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அந்த எண்ணைக் கொடுத்தால், அலையைக் கணக்குப் போட்டு, விநாடிக்கு 44,100 துண்டுகளாக நறுக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மொத்தம் பதினைந்து வரி புரோகிராம். எனக்கு மூன்று நாள் ஆயிற்று!

முதல் நாள் மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்த சத்தம். இரண்டாம் நாள் மயான அமைதி. மூன்றாம் நாள்... 'ஊ' என்று சுத்தமாக ஒரு ஒலி. அதையும் நம்பாமல் 880 கொடுத்துப் பார்த்தேன். அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே. சரி, நம்பலாம்.

ஆப்பில் 'ஏ'யை அழுத்தினேன். அச்சாகப் பொருந்தியது. அட, ஆப் யோக்கியன்! அப்படியானால் திருடன் கோயிலுக்குள்ளேயா இருக்கிறான்?

"பிரிசில்லா, அந்த 'ஏ'யைக் கொஞ்சம் அழுத்தும்மா" என்றேன், சனிக்கிழமை சர்ச்சுக்குள் நுழைந்ததுமே. வாரம் முழுக்க நாவலூரில் ஐ.டி. வேலை, சனிக்கிழமை எங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிற பெண்.

"எதுக்கு அங்கிள்?" குரலில் லேசான நடுக்கம். குற்றவாளிகள் அப்படித்தான் கேட்பார்கள்.

அழுத்தினாள். நான் 440-ஐத் தட்டினேன். இரண்டு ஒலியும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. என் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 420... 400... நெருங்க நெருங்க 'வ்வ்வ்... வ்வ்வ்...' என்று ஒரு துடிப்பு. 392-ல் துடிப்பு நின்றது. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"பாத்தீங்களா சார்! உங்க கீபோர்டு ரெண்டு படி கீழே எறங்கியிருக்கு. ரிப்பேர்!" என்று பாட்டுக்குழுத் தலைவர் ஜெயசீலன் சாரைப் பார்த்து முழங்கினேன்.

பிராக்டிஸுக்கு வந்திருந்த கூட்டத்தில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். ஜெயசீலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "சொல்லிடும்மா" என்றார் பிரிசில்லாவிடம்.

"ரிப்பேர் இல்ல அங்கிள். ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா மொத்தப் பாட்டும் எறங்கிடும். மைனஸ் ரெண்டுல வெச்சிருக்கேன்... உங்களுக்கு மேல எட்டலைல்ல, அதான்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா, அங்கிள்."

சோப்ரானோ என்கிற உச்சக்குரல் பெண்கள் வரிசையிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். "பிரதர், உங்க ஒருத்தருக்காக நாங்க பத்து பேரு கெணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி பாடிட்டிருக்கோம். நீங்க என்னடான்னா போன கிறிஸ்மஸ்ல, 'வயசு ஏற ஏற என் குரலும் ஏறுது'ன்னு சொல்லிட்டுப் போறீங்க!"

சொன்னேன். மைக்கில் வேறு சொன்னேன்.

பாலைச் சந்தேகித்தேன், லாரியைச் சந்தேகித்தேன், ஆப்பை, கீபோர்டை, பாவம் அந்தப் பெண்ணைக்கூட... நான் ஒரு நாளும் சந்தேகிக்காத ஒரே பொருள் என் தொண்டை. மனிதன் தராசை எப்போதும் எதிர்ப்பக்கம்தானே திருப்பி வைக்கிறான்?

"ஜீரோல வைம்மா. டீச்சர், நீங்க பாடுங்க" என்றேன்.

பாடினார். மூன்றாவது அடியில் அந்த உச்சிக்கு, லிஃப்டில் போகிற மாதிரி அலட்டாமல் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷமாக இந்தக் குரலையா அமுக்கி வைத்திருந்தேன்?

"சார், சோலோ டீச்சரே பாடட்டும்" என்றேன். 'நிஜமாவா?' என்று மரியாதைக்காவது ஒரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். அதற்குள் பேரை எழுதிவிட்டார் மனிதர்!

இப்போது நான் பின்வரிசை. உச்சி வரும் இடத்தில் வாயை நன்றாக அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் மூடுகிறேன்... அபசுரம் என்று இனி ஒருத்தராலும் நிரூபிக்க முடியாது!