வானத்தில் முடிந்த படிக்கட்டு

படிக்கட்டின் கைப்பிடியைச் சிமெந்தோடு பிணைத்திருந்த இரும்புக் கால் உடைந்துவிட்டது. கையில் எடுத்ததும் துரு மணத்தது.

கீழ்வீடு மூத்தவளான ராத்தாவுக்கு, மேல்வீடு எனக்கு என்று வாப்பா சொல்லிவைத்திருந்தாலும், மாடி எழும்பும்வரை அந்தப் படிக்கட்டு வானத்தில்தான் முடிந்தது. கடற்காற்றில் படபடக்கும் கொப்பியை முழங்காலால் அமுக்கி, கைப்பிடியில் சாய்ந்து, வீட்டில் யாரும் படிக்காத பாடங்களை நான் படித்த அந்தக் கடைசிப் படிக்கு மேலே இப்போது என் கூரை இருக்கிறது.

“கல்முனைக் கடையெல்லாம் கேட்டாச்சி மகள், இந்தச் சாமான் இப்ப வாறல்ல. கைப்பிடியையே மாத்துவம்,” என்றார் வாப்பா.

“வேணாம் வாப்பா. அதுல சாஞ்சிதான் நான் படிச்ச.”

அளவெடுத்துப் படம் வரைந்தேன். லேத் பட்டறைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அச்சொட்டா இப்பிடியே செய்யலாம். எந்த எஞ்சினியர் கீறின?”

“எங்கட மேல்வீட்டுக்காரி,” என்றார் வாப்பா.