பாத்ரூமுக்குள் கீசர் மாட்டமாட்டேன்

கேஸ் கீசர் வியாபாரத்தில் வாய் இனிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது வரவில்லை. ஏற்காட்டில் ஒரு சின்னக் கடையில் கீசர் விற்பதும், விற்றதை ஊடு ஊடாகப் போய் மாட்டுவதும் என் வேலை. வாடிக்கையாளரை மறுத்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், சேர்ந்து நொந்துகொள்வோம்.

பெருசா வேணும்

புது ஊடு கட்டிய வாத்தியார் ஒருவர், இருப்பதிலேயே பெரிய கீசரைக் காட்டச் சொன்னார். ஊட்டில் அவரும் மனைவியும் மட்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டேன். மொட்டை மாடியில் தரையோடு தரையாக வைத்திருக்கிறாராம். "அந்த உயரத்துக்குத் தண்ணி வேகம் பத்தாதுங்க. பெருசுல தீயே பத்தாது. ஆறு லிட்டர் போதும், தொட்டியையும் ஸ்டாண்டு போட்டு ஏத்துங்க" என்றேன்.

மார்கழியில் குழாயை முழுசாகத் திறந்தால் வெதுவெதுப்புதான் வரும், பாதி திறந்தால்தான் சூடு நிற்கும் என்பதையும் சொல்லி வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, நீங்க விக்க வந்தவங்களா, தடுக்க வந்தவங்களா?"

ஜன்னல் இருக்குதே

வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர். கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டச் சொன்னார். வெளியே வைத்தால் துருப்பிடிக்குமாம், குரங்கு கேஸ் குழாயைப் பிடுங்குமாம். உள்ளே எரிந்தால் இருக்கிற காற்றையெல்லாம் அது தின்றுவிடும், வாடையே இல்லாத விஷவாயு வரும், தெரிவதற்குள் மயக்கம் போட்டுவிடும் என்று சொன்னேன். "ஜன்னல் இருக்குதே" என்றார். போய்ப் பார்த்தால், குளிருக்குப் பயந்து ஜன்னல் முழுக்கப் பேப்பர் திணித்திருந்தது.

டிரில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் கடைக்குத் திரும்புவதற்குள் அவர் எங்கள் கடை முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். திரும்பிப் போய் அவர் காட்டிய இடத்திலேயே மாட்டு, இல்லையென்றால் வேலைக்கு வராதே என்றார் முதலாளி. நான் திரும்பிப் போகவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே முதலாளி சொன்னார்: "ஏம்மா, இந்தக் கடையில நீ வித்தது பாதி, வெரட்டுனது பாதி."

குளிக்கிறது யாரு

ரைட்டர் மலைக்குக் கீழேயிருந்து வேறொரு ஆளை வரவழைத்து உள்ளேயே மாட்டிக்கொண்டார். ஒரு மழை நாளில் அவர் மனைவி குளிக்கப் போய், உள்ளேயே விழுந்துவிட்டார். நல்லவேளை, வாளி உருண்ட சத்தம் கேட்டு ரைட்டர் கதவை உடைத்து வெளியே தூக்கி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்தம்மா பிழைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தபோது, 'நான் சொன்னேனே' என்ற நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லை.

கீசரை இடம் மாற்ற ரைட்டரே கூப்பிட்டனுப்பினார். பின்சுவரில் வெளிப்பக்கமாக மாட்டி, மேலே தகரம் அடித்தேன். அந்தம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். கோபமில்லாமல்தான் கேட்டார்: "அவருகிட்டச் சொன்னத எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல கண்ணு? குளிக்கிறது நானு."

மாரமங்கலத்துத் தீர்ப்பு

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஊட்டில் குளிக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பேன். 'பாடம் எடுக்க வந்துட்டா' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மாரமங்கலத்தில் காப்பிப் பழம் பறிக்கிற ஓர் அக்கா கீசர் வாங்கினார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். அவர் வீட்டுக்காரருக்குக் கீசர் பாத்ரூமுக்குள்தான் இருக்கவேண்டும். தகரம் அடித்தாலும் வெளியே சாரல் படும், புதுச் சாமான் வீணாகிவிடும் என்று ஒரே பிடிவாதம். நானும் விடவில்லை. அந்த அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வெளிச்சுவரில் கரித்துண்டால் தானே ஒரு பெருக்கல் குறி போட்டார். "இருவது வருசமா நான் நனையறேன், அப்ப யாரும் கேக்கல. அது நனையட்டும்."

நான் மாட்டுகிற கீசரைவிட நான்தான் சீக்கிரம் சூடாகிறேன் என்று மலையில் ஒரு பேச்சு இருக்கிறது. கீசருக்காவது அணைக்க ஒரு திருகு உண்டு.